நடுவில் ஒரு பல்சக்கரம்

மனிதர்களில் சிலர் இயக்குவார்கள், சிலர் இயங்குவார்கள். இந்த இரண்டு கட்சியிலும் சேராமல், இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டு, இரண்டு பேரையும்விட அதிகமாக மூச்சு வாங்குகிற மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. இவரை நடுவர் என்று சொல்ல முடியாது. நடுவர் தீர்ப்புச் சொல்வார். தரகர் என்றும் சொல்ல முடியாது. தரகர் கமிஷன் வாங்குவார். இவர் தீர்ப்பும் சொல்வதில்லை, பைசாவும் தொடுவதில்லை. "நீங்க ஒண்ணும் பேச வேணாம், நான் சொல்லிடறேன்" என்பார். அவ்வளவுதான் இவருடைய தொழில்.

நீங்கள் பார்க்காத ஆளா? கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா ரசத்தில் உப்புக் குறைவு என்று பக்கத்து இலைக்காரரிடம் முணுமுணுத்தால், அது காதில் விழுந்த மறுநிமிடம் அடுப்படிக்கு ஓடி, சமையல்காரரைத் தனியாக அழைத்து, தோளில் கைபோட்டு, "மனசுல வெச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்து, அவர் கரண்டியைக் கீழே போடும்வரை விளக்கிவிட்டு, திரும்பி வந்து சித்தப்பாவிடம் "சொல்லிட்டேன்" என்று மார்தட்டுகிறவர் இவர்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் தமிழில் சொல்வதை, தமிழ் தெரிந்த நோயாளிக்கு, தமிழிலேயே மொழிபெயர்க்கிறவரும் இவர்தான். பஸ்ஸில் கண்டக்டர் "எங்க போகணும்?" என்று கேட்டால், முன் சீட்டுப் பெண்ணிடம் திரும்பி "எங்க போகணும்னு கேக்கறாரும்மா" என்பார். அந்தப் பெண்ணுக்குக் காது நன்றாகவே கேட்கும். அதைப் பற்றி இவருக்கு என்ன கவலை?

கடத்தூரில் இந்த இனத்தின் முதல்தர மாதிரி மாதவராஜ் சார். தர்மபுரிப் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மற்ற ஊர் ஆட்களுக்கு இல்லாத ஒரு பெருமை இவருக்கு உண்டு. மற்றவர்களுக்குத் தாங்கள் யார் என்று தெரியாது. இவருக்குத் தெரியும். விஞ்ஞானபூர்வமாகத் தெரியும்.

அந்த விஞ்ஞானம் வேண்டுமென்றால் நீங்கள் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் மனைவி தீர்த்தம்மாள் ஒரு தட்டில் வட்ட வட்டமாகத் தட்டுவடையும் கூடவே காப்பியும் கொண்டுவந்து வைப்பார். எடுத்துவிடாதீர்கள். சார் முதலில் இரண்டு தட்டுவடைகளை ஓரம் ஓரமாக ஒட்டி வைப்பார். "இது டிரைவர், ஓட்டற சக்கரம். அது டிரிவன், ஓடற சக்கரம். இதுக்கு இருவது பல்லு, அதுக்கு அறுவது பல்லு. இது மூணு சுத்து சுத்தினா அது ஒரு சுத்து. வேக விகிதம் மூணுக்கு ஒண்ணு. புரியுதுங்களா?" புரிகிறது என்று தலையாட்டினால் மூன்றாவது தட்டுவடையை எடுத்து இரண்டுக்கும் நடுவில் செருகுவார். "இப்ப நடுவுல ஒண்ணு வெச்சாச்சு. இதுக்கு முப்பது பல்லு இருந்தாலும் சரி, தொண்ணூறு பல்லு இருந்தாலும் சரி. விகிதம் மாறுமா?" நீங்கள் மாறும் என்று சொன்னாலும் மாறாது என்று சொன்னாலும் அவருடைய பதில் ஒன்றுதான். "மாறவே மாறாது! அதே மூணுக்கு ஒண்ணு!"

"அப்ப எதுக்குங்க சார் அது நடுவுல?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காப்பியை ஆற விட்டிருக்கிறார். "திசைங்க! ரெண்டு சக்கரத்த நேரா மாட்டினா ஒண்ணு வலப்பக்கம் சுத்தும், ஒண்ணு எடப்பக்கம் சுத்தும். எதிரும் புதிரும். நடுவுல ஒண்ணு இருந்தா? ரெண்டும் ஒரே பக்கம்! ஒத்துமை! அந்த நடுச்சக்கரம் எதையும் கூட்டாது, எதையும் கொறைக்காது, தனக்குன்னு எதையும் எடுத்துக்காது. ஒத்துமைய மட்டும் உண்டாக்கும். ஐட்லர்னு பேரு. சும்மா இருக்கறதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி எவனோ வெவரம் கெட்டவன் வெச்ச பேருங்க அது." இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள்தான் அந்தச் சக்கரம் சார் என்று யாராவது சொல்ல வேண்டும். சொன்னால்தான் தட்டுவடை உங்களுக்கு.

உலகம் முழுவதையும் அவர் இப்படிப் பல்சக்கரத் தொடர்களாகப் பிரித்து வைத்திருந்தார். வதந்தி என்பது காம்பவுண்ட் தொடர். ஒரே தண்டில் இரண்டு சக்கரம் ஏறி உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்திலும் வேகத்தைப் பெருக்குவது. முதல் வீட்டில் ஒன்றாகக் கிளம்பியது, இரண்டாம் வீட்டில் மூன்றாகி, அடுத்த கட்டம் நாலு மடங்கு என்றால் மூன்றாம் வீட்டில் பன்னிரண்டாக வந்து நிற்கும். கட்சிக்காரர்கள் எபிசைக்ளிக், நடுவில் தலைவர் சுற்ற, தொண்டர்கள் தாங்களும் சுற்றிக்கொண்டு அவரையும் சுற்றி வருவார்கள். மனு கொடுப்பது ரிவர்ட்டட் தொடர். பல மேசைகளில் பல வேகத்தில் சுற்றிவிட்டுக் கிளம்பின அச்சுக்கே திரும்பி வந்து சேரும். எந்த அலுவலகம் என்று அவர் சொல்வதில்லை. கேட்பவர்களும் கேட்பதில்லை.

ஆனால் வீட்டில் மட்டும் அவருக்கு ஒரு குறை உண்டு. பெங்களூரில் இருக்கிற மகள் தினமும் சாயங்காலம் அம்மாவை வீடியோவில் கூப்பிடுவாள். சார் எங்கிருந்தாலும் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்வார். "அம்மா, சாப்ட்டியா?" என்று மகள் கேட்டால், "சாப்ட்டியான்னு கேக்கறா" என்று தீர்த்தம்மாளிடம் சொல்வார். "ஆச்சு" என்று தீர்த்தம்மாள் சொன்னால், "ஆச்சாம்" என்று போனிடம் சொல்வார். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த தீர்த்தம்மாள் காதில் மாட்டுகிற கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு துணி மடித்தபடியே பேச ஆரம்பித்துவிட்டார். சார் ஒரு பக்கத்துச் சிரிப்பை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பணியில் இருந்தபோது பிரின்சிபாலுக்கும் வாத்தியார்களுக்கும் நடுவே, வாத்தியார்களுக்கும் பையன்களுக்கும் நடுவே ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்த மனுஷன். ஓய்வுக்குப் பிறகு ஊரில் சண்டை போதவில்லை. உண்மையில் பாவம்தான்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அந்த மார்கழியில் அண்ணன் தம்பி இருவர் கிடைத்தார்கள்.

அண்ணன் தமிழ்ச்செல்வன், தம்பி அர்ச்சுனன். கடத்தூரை ஒட்டிய கொட்டாயில், அதாவது வயற்காட்டுக் குடியிருப்பில், பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள். சில வருஷம் முன்பு வண்டிப்பாதை விஷயமாக ஒரு வாய்ச்சண்டை வந்து, பேச்சு நின்று, சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். நிலத்தைப் பிரித்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள், கிணற்றுத் தண்ணீரை முறைபோட்டுப் பிரித்தார்கள். கரும்பாலையை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஆளுக்கு ஓர் உருளை என்று எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வது? அதனால் ஆலை பொதுவில் நின்றது. சீசன் இல்லாத காலத்தில் அதன் பெரிய சக்கரத்தின் ஆரக்கால்களுக்குள் அண்ணன் ஒரு சங்கிலி கோத்துப் பூட்டியிருப்பார். தம்பி இன்னொரு சங்கிலி கோத்துப் பூட்டியிருப்பார். இரண்டு பூட்டும் திறந்தால்தான் சக்கரம் அசையும்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கமும் இருந்தது. சீசனின் முதல் கொப்பரை மூத்தவருடையது. அவர் கரும்பை ஆட்டி, பாகு காய்ச்சி, முதல் உருண்டை வெல்லத்தை முனியப்பனுக்கு வைத்துவிட்டு, இரண்டாவது உருண்டையை இளையவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பேச்சு நின்ற பிறகும் உருண்டை மட்டும் யார் கையிலாவது போய்க்கொண்டிருந்தது.

அந்த வருஷம் அண்ணன் கரும்பு நட்டதே தாமதம். இன்னும் முற்றவில்லை. தம்பியின் கரும்பு முற்றித் தயாராக நின்றது. வெட்டு ஆட்களும் மலையிலிருந்து முன்னதாகவே இறங்கி வந்துவிட்டார்கள். விட்டால் பொங்கல் கழித்துத்தான் கிடைப்பார்கள், அதற்குள் வெல்லத்துக்கு மண்டியில் மரியாதை போய்விடும். அர்ச்சுனன் துணிந்து வெட்டச் சொல்லிவிட்டார். நிலைமையைப் பார்த்து அண்ணன் விட்டுக்கொடுத்துவிடுவார் என்று நம்பினார். வெட்டின கரும்பு ஆலைக்கருகில் குவிந்துவிட்டது. அது காத்திருக்கிற சரக்கு அல்ல. வெயிலில் கிடந்தால் சாறு புளிக்கும். புளித்த சாற்றை எத்தனை காய்ச்சினாலும் வெல்லம் கட்டாது, பசையாகக் கையில் ஒட்டும். அந்த வருஷத்து வரும்படி முழுவதும் அந்தக் குவியலில்தான் இருந்தது.

அர்ச்சுனன் நம்பினது வீண் போகவில்லை. அண்ணன் விட்டுக்கொடுத்தார். என்ன செய்வது, அதை மாதவராஜ் சாரிடம் விட்டுக்கொடுத்தார்.

"எங்கரும்பு இன்னும் முத்தலைங்க சார்" என்றார் தமிழ்ச்செல்வன். "அவன் வெட்டிப் போட்டுட்டான். அவனே மொதல்ல ஆட்டிக்கட்டும். எம்பூட்ட நான் வந்து எடுத்துர்றேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

ஒரு வார்த்தைதான். அதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால் அன்று மத்தியானமே ஆலை ஓடியிருக்கும், நமக்கும் இந்தக் கதை இல்லை. ஆனால் சார் வெறும் தபால்காரரா? மொபெட்டை உதைத்துக் கிளம்பினவர், வயல் ஓரம் போய்ச் சேருவதற்குள் அந்த ஒரு வார்த்தையை மனத்துக்குள் பலமுறை திருப்பிப் பார்த்துவிட்டார். அண்ணன் விட்டுக்கொடுக்கிறார். நல்லது. தம்பி அதை வாங்கிக்கொண்டால்? ஒருவர் கொடுப்பவர், ஒருவர் வாங்குபவர் என்று ஆகிவிடாதா? எதிரும் புதிரும் அல்லவா அது? இரண்டு பேரும் விட்டுக்கொடுத்தால்தானே ஒற்றுமை?

அர்ச்சுனனும் அவர் மனைவி காவியாவும் கரும்புக் குவியலின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காவியா இண்டூர்ப் பெண். சாரிடமே டிப்ளமோ படித்தவள். தட்டுவடைப் பாடத்தைச் சாக்பீஸ் காலத்திலேயே கேட்டவள்.

"உங்கண்ணன் தங்கமான மனுசன்" என்று ஆரம்பித்தார் சார். "நீங்களே மொதல்ல ஆட்டிக்கங்கன்னு சொல்லிட்டாரு."

அர்ச்சுனன் முகம் மலர்ந்தது. சாவியை எடுக்க இடுப்பில் கை வைத்தார்.

"இருங்க இருங்க. அவரு பெருந்தன்மைய காட்டிட்டாரு. நாம அதுக்குக் கொறச்சலா காட்டலாமுங்களா? மொதக் கொப்பர பெரியவங்களுது. சரின்னு ஒடனே சங்கிலிய அவுத்துட்டீங்கன்னா, இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தான்னு நாலு பேரு பேச மாட்டாங்க? இல்ல, அண்ணனே மொதல்லன்னு நீங்களும் சொல்லுங்க. நான் போய்ப் பதமா சொல்லிக்கறேன்."

அர்ச்சுனன் யோசித்தார். ஊர்ப் பேச்சுக்குப் பயப்படாத விவசாயி யார்? "அதுவும் சரிதாங்க சார். அண்ணனே மொதல்ல ஆட்டட்டும்னு சொல்லிருங்க" என்று கையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டார்.

"சார், கரும்பு காயுதுங்க" என்றாள் காவியா.

"காயட்டும்மா. ஒறவு காயக்கூடாது" என்று சொல்லிவிட்டு சார் மொபெட்டைத் திருப்பினார். தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய், வழியெல்லாம் அதை முணுமுணுத்துக்கொண்டே போனார்.

தமிழ்ச்செல்வனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நானே மொதல்லவா? எங்கிட்ட வெட்டறதுக்குக் கரும்பே இல்லைங்களே சார்?"

"கரும்பு இருக்குதா இல்லையாங்கறது ரெண்டாவதுங்க. உங்க தம்பி மரியாத தெரிஞ்சவரு. நீங்கதான் மொதல்லன்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. நீங்களும் உங்க வார்த்தையில உறுதியா நில்லுங்க."

நின்றார். தம்பியும் நின்றார். சார் மட்டும் நிற்கவில்லை. அன்று முழுவதும் மொபெட்டில் அங்கும் இங்கும் பறந்தார். "நீயே ஆட்டு" என்று இங்கிருந்து போனது. "நீங்களே ஆட்டுங்க" என்று அங்கிருந்து வந்தது. மறுநாள் வெயில் ஏற ஏற வார்த்தையும் சூடேறியது. "நான் குடுக்கறத வாங்கிக்க மாட்டானாமா? அவ்வளவு ரோசமா?" என்றார் அண்ணன். சார் அதையும் கொண்டுபோய்ப் பதமாக இறக்கினார். "வெட்டினத பாத்துட்டும் வந்து பூட்டத் தொறக்க மனசு வரலையே அவருக்கு?" என்றார் தம்பி. அதுவும் பதமாக இந்தப் பக்கம் வந்தது. அன்று சாயங்காலம் அண்ணன், "எனக்கு அந்த ஆலையே வேணாம்" என்றார். கொஞ்ச நேரத்தில் தம்பியும், "எனக்கும் வேணாம்" என்றார்.

இரண்டு பேரும் ஒரே வார்த்தை! சார் பூரித்துப்போனார். இத்தனை வருஷமாக ஒன்றிலும் ஒத்துப்போகாத அண்ணனையும் தம்பியையும் எழுத்துக்கு எழுத்து ஒரே பேச்சைப் பேச வைத்துவிட்டார் அல்லவா? வீட்டுக்குப் போய்த் தீர்த்தம்மாளிடம் அதைச் சொல்ல வாயெடுத்தார். தீர்த்தம்மாள் காதில் கருவியோடு மகளிடம் சிரித்துக்கொண்டிருந்தார். சார் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

அடுத்த நாள் காலையில் அவர் ஆலைப் பக்கம் போனபோது காவியா மட்டும் இருந்தாள். சாக்கை விலக்கி ஒரு கரும்பை உருவி, நுனியை ஒடித்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"இன்னிக்கு ஆட்டினா தப்பிச்சுக்கும் சார். நாளைக்குன்னா அடுப்புக்கு எரிக்கத்தான் ஆவும்" என்றாள்.

"கவலப்படாதம்மா. ரெண்டு பேரும் ஒரே பக்கம் வந்துட்டாங்க. இனிமே சுலபம்."

"ஒரே பக்கம் வந்ததுதானுங்க சார் தப்பு" என்றாள் காவியா. ஆலையின் இரண்டு உருளைகளுக்கும் நடுவே இருந்த இடுக்கில் அந்தக் கரும்பை நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க. மேல் உருளையும் கீழ் உருளையும் ஒரே பக்கமா சுத்தினா என்ன ஆவும்?"

எத்தனையோ வருஷம் கேள்வி கேட்டுப் பழகினவர். பதில் தானாக வாயில் வந்துவிட்டது. "கரும்ப உள்ள இழுக்காது. ஒண்ணு இழுக்கும், ஒண்ணு தள்ளும். எதிர் எதிராச் சுத்தினாத்தான்…"

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"எதிர் எதிராச் சுத்தினாத்தான் சாறு வரும்" என்று காவியா முடித்தாள். "குடுக்கறவங்க குடுக்கணும், வாங்கறவங்க வாங்கணும் சார். நடுவுல ஒண்ணு இருந்தா ரெண்டும் ஒரே பக்கம் சுத்தும்னு நீங்கதான் போர்டுல போட்டீங்க. எதிர் எதிராச் சுத்தணும்னா என்ன பண்ணணும்னும் போட்டீங்க."

போட்டிருந்தார். ஞாபகம் இருந்தது. நடுச்சக்கரம் ஒற்றைப்படையாக இருந்தால் ஒரே திசை. இரட்டைப்படையாக இருந்தாலோ, ஒன்றுமே இல்லாவிட்டாலோ, எதிர்த் திசை.

"ரெண்டு வழிதான் இருக்குது" என்றாள் காவியா. "உங்கள எடுத்துறணும். இல்லைன்னா உங்க கூட இன்னொருத்தரச் சேத்தணும். நேரா பேசுங்கன்னா எங்கூட்டுக்காரரு போனத் தொட மாட்டேங்கறாரு, அவங்கண்ணனும் எடுக்க மாட்டாரு. உங்கள எடுக்கறதுக்கும் எனக்கு மனசு வரலைங்க சார்."

கடைசி வாக்கியத்தில் எவ்வளவு உண்மை என்று காவியாவுக்குத்தான் தெரியும். சாருக்கு அது எங்கே போய்த் தைத்ததோ, உருளையையே பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்துவிட்டால்? அவர் இல்லாமலே இரண்டு பேரும் பேசிவிட்டால்? அதனால்தான், இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒருநாளும் வராத பெயர் அன்று வந்தது.

"குப்புராஜ கூப்பிடலாமா?"

குப்புராஜ் முன்னாள் வார்டு மெம்பர். கடத்தூரின் இரண்டாவது நடுச்சக்கரம். அவர் கணக்கில் முதலாவது. ஒரு வளைகாப்பில் சமையல்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் நடந்த சண்டையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நடுவில் புக, சமையல்காரரும் போய், வீட்டுக்காரரும் கோபித்துக்கொண்டு போய், கடைசியில் பந்தியில் இவர்கள் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். அதிலிருந்து முகம் பார்ப்பதில்லை. "அந்த வாத்தியார் என்ன சொல்றானோ அதுக்கு நேர் மாறா செய்யுங்க, குடும்பம் உருப்படும்" என்பது குப்புராஜின் ஊரறிந்த வாசகம். காவியாவும் அதை அறிவாள்.

இனி ஒரு சிக்கல். குப்புராஜிடம் யார் போய்ச் சொல்வது? வாழ்நாளில் முதல் தடவையாக மாதவராஜ் சார் தன் விஷயத்தைத் தானே ஒருவரிடம் நேராகப் பேச வேண்டியிருந்தது. டீக்கடை எதிரே மொபெட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். எப்படி ஆரம்பிப்பது? 'அவர் என்ன சொல்றாருன்னா' என்று ஆரம்பிக்க அங்கே எந்த அவரும் இல்லை. டீக்கடைக்காரரிடம் சொல்லிச் சொல்லச் சொல்லலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. கடைசியில் எழுந்து போய், டீ குடித்துக்கொண்டிருந்த குப்புராஜின் முன்னால் நின்று, "உங்க ஒதவி வேணுங்க" என்றார்.

குப்புராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். முழுக்கதையையும் கேட்டார். "இப்ப நான் தம்பிகிட்ட என்ன சொல்லணும்?"

"அண்ணன் விட்டுக்குடுக்கறாரு. தம்பியும் விட்டுக்குடுக்கறதுதான் மொறைன்னு நான் சொல்லிட்டு இருக்கறேன். அத அப்பிடியே…"

அதற்கு மேல் கேட்க குப்புராஜ் அங்கே இல்லை. வண்டியை முறுக்கிக்கொண்டு போய் அர்ச்சுனன் முன்னால் இறங்கினார். "ஏப்பா, அந்த வாத்தியார் பேச்சக் கேட்டா இப்பிடி உக்காந்திருக்கற? பெரியவரு குடுத்தா வாங்கிக்கறதுதான் மரியாத. வேணாம்னு சொல்றதுதான் திமிரு. கெளம்பு, சங்கிலிய அவுரு!"

காய்கிற கரும்பையும் மனைவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அர்ச்சுனனுக்கு யாராவது ஒருவர் இதைச் சொன்னால் போதும் என்றிருந்தது. "சரிங்க, ஆட்டிக்கறேன்" என்றார். அந்த "சரி" குப்புராஜிடமிருந்து சாருக்கு வந்து, சாரிடமிருந்து அண்ணனுக்குப் போயிற்று. வழியில் அதைத் திருப்பிப் பார்க்காமல், ஒரு சொல் சேர்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு சார் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். அவர் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் இருந்ததில்லை.

மத்தியானத்துக்குள் இரண்டு சங்கிலியும் கழன்றன. மோட்டார் தலைதெறிக்கச் சுற்ற, வேகம் பல்லுக்குப் பல் இறங்கிக் குறைந்து, கடைசியில் பெரிய சக்கரம் ஆடி அசைந்து திரும்ப, மேல் உருளை ஒரு பக்கமும் கீழ் உருளை மறுபக்கமும் சுற்றி, கரும்பை வாங்கி உள்ளே இழுத்தன. சாறு ஓடியது. சாறு கொஞ்சம் மங்கல்தான். சுண்ணாம்புத் தண்ணீரைக் கணக்காக விட்டு, அழுக்கை வழித்து, காவியா கொப்பரையை விட்டு நகரவில்லை.

பூட்டைத் திறக்க வந்த தமிழ்ச்செல்வன் திறந்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கொப்பரையின் அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம் அர்ச்சுனன். நடுவில் பாகு கொதித்தது. இரண்டு நடுச்சக்கரங்களும் ஆளுக்கு ஓர் ஓரத்தில் தயாராக நின்றன.

தமிழ்ச்செல்வன் துடுப்பின் நுனியில் வழிந்த பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தார். கட்டியது. "பதம் வந்துருச்சு. எறக்கு" என்றார்.

மாதவராஜ் சார் உடனே அர்ச்சுனன் பக்கம் திரும்பினார். "பதம் வந்துருச்சு, எறக்கச் சொல்றாரு."

"கேட்டுச்சுங்க சார்" என்றார் அர்ச்சுனன். பிறகு சாரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அண்ணா, அந்தக் காதப் புடி" என்றார்.

அண்ணன் கொப்பரையின் ஒரு காதைப் பிடித்தார், தம்பி மறுகாதைப் பிடித்தார். அதை இறக்கி வைக்கிற இடத்தில் சார் நின்றிருந்தார். "கொஞ்சம் நவுந்துக்கங்க சார், சுடும்" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில். சார் நகர்ந்துகொண்டார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். வெயிலில் போய் நின்றார். முனியப்பனுக்கு முதல் உருண்டை வைத்தார்கள். இரண்டாவது உருண்டையை யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. அர்ச்சுனன் கையிலிருந்து நேராக அண்ணன் கைக்குப் போய்விட்டது. சார் ஏந்திக்கொள்ள நீட்டின கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியிருந்தது.

காவியா பார்த்துவிட்டாள். மூன்றாவது உருண்டையை ஆறவிட்டு எடுத்துவந்து அந்தக் கையில் வைத்தாள். "இது உங்களுக்குங்க சார். யாருகிட்டயும் குடுத்துற வேணாம்."

சார் அதைத் தின்றாரா? வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாதியைத் தீர்த்தம்மாளுக்குக் கொடுத்தார் என்று கேள்வி. அந்தச் சாயங்காலம் மகள் கூப்பிட்டபோது தீர்த்தம்மாள் என்ன நினைத்தாரோ, காதுக் கருவியைக் கழற்றிவிட்டுப் போனை அவரிடமே நீட்டினார். "நீங்களே பேசுங்க, உங்க பொண்ணுதான." சார் போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். "அப்பா, சாப்ட்டியா?" என்று மகள் கேட்டாள். சார் பழக்கத்தில் தீர்த்தம்மாளைத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் கேள்வி தனக்கு என்று உறைத்தது.

கடத்தூர்ப் பக்கம் போனால் அவரை நீங்கள் பார்க்கலாம். திருந்திவிட்டாரா என்று கேட்காதீர்கள். கியருக்குத் தெரிந்தது சுற்றுவதுதான். இப்போது குப்புராஜோடு ஜோடியாகத்தான் எங்கும் போகிறார். இரட்டைப்படை இருந்தால் சேதாரம் இல்லை என்பது கணக்கு. தட்டுவடைப் பாடத்தில் நான்காவது தட்டுவடை ஒன்றும் சேர்ந்திருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இதைப் படிக்கும்போதே உங்கள் மனத்தில் ஒருவர் முகம் வந்துபோனது அல்லவா? சின்ன மாமனாரோ, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரோ. 'அவருக்கு அப்படியே பொருந்துகிறது' என்று நினைத்தீர்கள். நேராக அவரிடம் சொன்னால் நன்றாக இருக்காது, அவருக்கு நெருக்கமான இன்னொருவருக்கு இதை அனுப்பி, 'நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, பக்குவமா அவர் காதுல போடுங்க' என்று எழுதலாமா என்றும் யோசித்தீர்கள். கை போன் பக்கம் போயிருக்கிறதா என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள்.